பெயர்த் தகடு இல்லாத பழைய படகு இன்ஜின்: யார் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"எங்கள் மோட்டார் கொட்டகையில் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஒன்று நெடுங்காலமாகக் கிடக்கிறது. தாத்தா நாகப்பட்டினத்தில் வாங்கி வந்து, கரன்ட் வரும்வரை அதில்தான் தண்ணீர் இறைத்தாராம். படகு இன்ஜின் என்று ஊரில் சொல்வார்கள். பித்தளைப் பெயர்த் தகட்டை யாரோ எப்போதோ பெயர்த்து விற்றுவிட்டார்கள். தை பிறந்ததும் கொட்டகையைப் பிரிக்கப் போகிறோம். காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறார். அப்பாயி கொடுக்கவே கூடாது என்கிறார். இது எந்த நாட்டு இன்ஜின், எந்தக் கம்பெனி என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன்."

– வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

வழி உண்டு. ஆனால், காயலான் கடைக்காரருக்குச் சொன்ன நாளை முதலில் தள்ளிப்போட வேண்டும். எடைக்குப் போகும் இன்ஜினில் முதலில் கழற்றப்படுவது பித்தளை, செம்பு, கன்மெட்டல் பாகங்கள். அவற்றுக்குத் தனி விலை. ஊர் பேர் சொல்லக்கூடிய பாகங்களும் பெரும்பாலும் அவைதான். தகடு போனபோதே பாதி அடையாளம் போய்விட்டது. மிச்சப் பாதி இன்னும் இன்ஜினில் இருக்கிறது.

படகு இன்ஜின் என்று ஊரார் சொல்வது சரியாகவே படுகிறது. தரையில் ஓட்டச் செய்த இன்ஜினுக்கு அடிப்பாகம் தட்டையாக இருக்கும். கான்கிரீட் மேடையில் நான்கு போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். படகில் அது நடக்காது. நீளவாக்கில் போட்ட இரண்டு கட்டைகளுக்கு நடுவே இன்ஜின் இறங்கி உட்கார வேண்டும். அதனால் கிராங்க் ஷாஃப்ட் மட்டத்தில், மனிதனுக்கு இடுப்பு இருக்கும் இடத்தில், இரு பக்கமும் காதுபோல் தாங்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கிராங்க் பெட்டி அதற்குக் கீழே தொங்கும். வாசகரின் முதல் படத்தில் இன்ஜின் இரண்டு பனங்கட்டைகளின் மேல் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. தாத்தா மேடை கட்டாமல் கட்டை போட்டதற்குக் காரணம் சிக்கனம் அல்ல. அந்த இன்ஜினுக்கு அதுதான் இருக்கை.

பிளைவீலும் அதையே சொல்கிறது. கிணற்றடி ஆயில் இன்ஜினில் இரு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இதில் ஒரு பக்கம் மட்டும் கனத்த சக்கரம் இருப்பது வித்தியாசமாகத் தெரியும். மறுமுனையில் போல்ட் துளைகளோடு ஒரு வட்டத் தகடு இருக்கிறது. படகின் விசிறித் தண்டு சேர்ந்த இடம் அது. பெல்ட் ஓட்டும் புல்லி அதில் பின்னால் வந்து ஏறியது. சிலிண்டர் ஓரம் நிற்கும் சிறிய பிளஞ்சர் பம்ப் கடல் தண்ணீரை இழுத்து சிலிண்டரைக் குளிர வைத்தது. கிணற்றடி இன்ஜினானால் தொட்டியோ டிரம்மோ போதும். புகைக்குழாயைச் சுற்றியும் தண்ணீர் ஓடும் உறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரப் படகில் புகைக்குழாய் பழுக்கக் காய்ந்தால் ஆபத்து என்பதால் வைத்த ஏற்பாடு அது.

இந்த அடையாளங்களும் சில சமயம் ஏமாற்றும். லிஸ்டர் போன்ற கம்பெனிகள் தரைக்கும் கடலுக்கும் இரண்டு வகையும் செய்தன. தரை இன்ஜினைப் படகில் ஏற்றி ஓட்டியவர்களும் உண்டு.

மூன்றாவது படம்தான் முக்கியமானது. சிலிண்டரின் தலையில் பெரிய எலுமிச்சைபோல் ஓர் இரும்புக் குமிழ் தெரிகிறது. ஸ்பார்க் பிளக் இல்லை, மேக்னெட்டோ இல்லை. இது 'ஹாட் பல்ப்' இன்ஜின். புளோ லேம்ப் வைத்து அந்தக் குமிழைக் காய்ச்சி, பிறகு சக்கரத்தை ஆட்டிவிட வேண்டும். உள்ளே தெளிக்கும் எண்ணெய் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். ஓட ஆரம்பித்த பிறகு குமிழ் தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். அப்பாயியிடம் கேட்டால், தாத்தா விடியற்காலையில் விளக்கு வைத்துக் காய்ச்சிய கதை ஒருவேளை கிடைக்கும். இந்த முறைக்கு ஆங்கிலேயரான ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890-ல் காப்புரிமை எடுத்தார். கிரான்தம் ஊரின் ஹார்ன்ஸ்பி கம்பெனி அதைச் செய்து விற்றது. 1918-ல் அது ரஸ்டனோடு சேர்ந்து 'ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி' ஆனது.

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. சிலிண்டர் ஓரமாக மேலே போகும் வால்வு கம்பிகள் இருந்தால் நான்கு ஸ்ட்ரோக். ஹார்ன்ஸ்பி வழி வந்த இன்ஜினாக இருக்கலாம். வால்வே இல்லாமல், சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள் வழியாகவே புகை போய் காற்று வந்தால் இரண்டு ஸ்ட்ரோக். மீன்பிடிப் படகுகளில் அதிகம் ஏறியது இந்த இரண்டாவது வகை. அதில் ஸ்வீடன் நாட்டு பொலிண்டர் கம்பெனிக்குப் பெரிய பெயர். பிரிட்டனிலும் மற்ற நாடுகளிலும் பலர் இதே அமைப்பில் செய்தார்கள். வாசகரின் படத்தில் கம்பிகள் தெரியவில்லை. ஆனால் சாக்கு மூடியிருக்கிறது. சாக்கை எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுக்க வேண்டும்.

வட ஐரோப்பிய இன்ஜின் இந்தப் பக்கம் எப்படி வந்திருக்கும் என்று வியக்க வேண்டியதில்லை. 1952-ல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா. சபையும் ஒப்பந்தம் செய்து, மறு ஆண்டே கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கின. நார்வே, டென்மார்க் சிறு படகுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. பின்னால் போக ரிவர்ஸ் கியர் இருக்காது. தண்டின் உள்ளே ஓடும் கம்பி விசிறி இறக்கைகளின் சாய்வை மாற்றும். வாசகரின் இன்ஜினில் தண்டு முனை நடுவில் துளை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி எழுத்துகளும் எண்களும். துரு எடுக்கிறேன் என்று கிரைண்டரோ கம்பி பிரஷ்ஷோ எமரியோ படவே கூடாது. மண்ணெண்ணெயில் தேங்காய் நாரை நனைத்துத் தேய்த்தால் போதும். காய்ந்த பிறகு கோலமாவைத் தடவித் துணியால் துடைத்தால் பள்ளத்தில் மாவு நின்று எழுத்து தெரியும். மேடாக இருக்கும் எழுத்தானால் மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்க்கலாம். சாயங்காலம் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தும் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் தெரியாதது அப்போது தெரியும்.

வார்ப்போடு மேடாக வந்த எண், அந்தப் பாகத்தின் அச்சு எண். அதே எண் நூற்றுக்கணக்கான இன்ஜின்களில் இருக்கும். பஞ்ச் வைத்து அடித்துப் பள்ளமாக இருக்கும் எண்தான் அந்த ஒரு இன்ஜினுக்கு உரிய எண். பிளைவீலின் முகம், கிராங்க் ஷாஃப்ட் முனை, சிலிண்டர் உட்காரும் பட்டை, கனெக்டிங் ராடின் மூடி ஆகிய இடங்களில் தேட வேண்டும். ஒரே எண் இரண்டு மூன்று பாகங்களில் இருந்தால் அவை கம்பெனியிலிருந்தே சேர்ந்து வந்தவை. தகடு இருந்த இடத்தில் ஆணித் துளைகள் இருக்கும். அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து வைக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்களுக்கு அந்த அளவே ஒரு துப்பு.

பித்தளை எண்ணெய்க் கிண்ணத்திலோ பம்பிலோ ஒரு பெயரைப் பார்த்ததும் கம்பெனி கிடைத்துவிட்டதென்று துள்ளக் கூடாது. பாஷ், சி.ஏ.வி., லூகாஸ் எல்லாம் பாகம் செய்து கொடுத்தவர்கள். டீசல் இன்ஜினின் பம்பில் 'மைக்கோ' என்று இருந்தால், 1951-ல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனியின் பம்ப் என்று மட்டும்தான் பொருள். இன்ஜின் அதைவிட 20 வயது மூத்ததாக இருக்கலாம். பம்ப் பிறகு மாற்றியதாக இருக்கலாம்.

அளவு எடுக்க லேத் பட்டறைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டால் நல்லது. அவரிடம் மரை அளக்கும் பிட்ச் கேஜ் இருக்கும். அரை அங்குல போல்ட்டில் ஓர் அங்குல நீளத்துக்கு 12 மரை வந்தால் விட்வொர்த், 13 வந்தால் அமெரிக்க மரை. விட்வொர்த் என்றதும் இங்கிலாந்து என்று முடிவு கட்டிவிட முடியாது. ஸ்வீடன், நார்வே, ஜெர்மனிக்காரர்களும் அந்தக் காலத்தில் அதே மரையைப் போட்டார்கள். பிஸ்டன் விட்டமும் ஸ்ட்ரோக் நீளமும் இன்னும் உதவும். 114.3 மி.மீ. என்பது வினோதமான அளவாகத் தெரியும். அங்குலத்தில் அது நான்கரை; பழைய 5 எச்.பி. லிஸ்டர் டீசலின் விட்டம் அதுதான், ஸ்ட்ரோக் ஐந்தரை அங்குலம். (ராஜ்கோட்டில் அதே அளவில் ஏராளமாக வார்த்தார்கள் என்பதால், அளவு மட்டும் பார்த்து லிஸ்டர் என்று வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு.) சிலிண்டரை ரீபோர் செய்திருந்தால் விட்டம் மாறியிருக்கும். ஸ்ட்ரோக் மாறாது. இரண்டில் நம்ப வேண்டியது ஸ்ட்ரோக்கைத்தான்.

இவ்வளவும் கையில் இருந்தால் கேட்க இடம் இருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே பாயின்டனில் உள்ள ஆன்சன் இன்ஜின் அருங்காட்சியகம் இத்தகைய பழைய இன்ஜின்களுக்கென்றே இயங்குகிறது. நான்கு பக்கமும் தலைப்பக்கமும் எடுத்த படங்கள், எண்கள், ஸ்ட்ரோக், விட்டம், சக்கரத்தின் குறுக்களவு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அனுப்ப வேண்டும். "இது என்ன இன்ஜின்?" என்று ஒரு படத்தை மட்டும் அனுப்பினால் யாராலும் சொல்ல முடியாது.

அண்ணனின் கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்தாலும் லட்சம் லட்சமாகக் கொட்டும் என்று நம்பக் கூடாது. பாகம் குறைந்து, இறுகிப்போன இன்ஜினுக்கு இரும்பு விலைக்கு மேல் கிடைக்காமலும் போகலாம். முழுசாக இருந்து பெயரும் எண்ணும் தெரிந்தால், எடைக்கு வாங்குபவரைத் தவிர வேறு ஆளும் வருவார். வெளிநாட்டுக்கு விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மட்டும் நிதானம் வேண்டும். 100 ஆண்டு கடந்த பழம்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972-ம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. இந்த இன்ஜினும் அந்த வயதைத் தொட்டிருக்கலாம்.

அண்ணனோ பேரப்பிள்ளைகளோ ஓட்டிப் பார்க்கிறேன் என்று இறங்க வேண்டாம். ஹாட் பல்ப் இன்ஜின் எந்தப் பக்கமும் சுற்றக்கூடியது. சக்கரத்தை ஒரு பக்கம் ஆட்டும்போது மறுபக்கம் உதைத்துத் திரும்பினால் கை போய்விடும். புகைக்குழாயில் வெள்ளைக் கயிறுபோல் ஏதாவது சுற்றியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பிய்த்து எடுக்கக் கூடாது.

கொட்டகையைப் பிரிக்கும் முன் சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, புகைக்குழாயின் வாயைத் தகரத்தால் மூடிவிட வேண்டும். தூக்கும்போது சங்கிலியைத் தண்டு முனையிலோ பம்பிலோ போடாமல், இரு பக்கத் தாங்கிகளுக்கும் அடியில் கொடுத்துத் தூக்கி, அதே பனங்கட்டைகளின் மேல் கூரை உள்ள இடத்தில் இறக்கி வைக்கலாம். சாக்கை எடுத்த படமும் எண்களும் வந்துசேர்ந்தால், வால்வு கம்பி விஷயம் அடுத்தடுத்த இதழ்களில் தெளிவாகும்.