வலது கைக்குக் கொஞ்சம் ஓய்வு



மதுரையைத் தாண்டி விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று தெற்கே போகும் நான்குவழிச் சாலையில் பைக் ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். கரிசல் காட்டின் நடுவே சாலை நேராக நீண்டுகொண்டே போகும். கியர் மாற்றும் வேலை இல்லை, கிளட்சைத் தொடும் வேலையும் இல்லை. இடது கையை அவ்வப்போது உதறிக்கொள்ளலாம். வலது கைக்கு அந்த வசதி கிடையாது. ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் முறுக்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டும். முதலில் சுண்டுவிரல் மரத்துப்போகும், அடுத்து மோதிர விரல், அப்புறம் மணிக்கட்டு கடுக்கத் தொடங்கும்.

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல இதைப் பற்றித்தான் பேசுகின்றன. ஊர் ஊராகப் போகும் மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர், சாயங்காலம் வீடு திரும்பினால் சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல் வளைய மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறார். ஆக்சிலரேட்டரைப் பிடித்து வைக்கும் சாதனங்கள் விற்கிறார்களே, வாங்கலாமா என்பது அவர் கேள்வி. வாங்கலாம். லடாக் போகிறவர்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் என்று இதை நினைக்க வேண்டாம். தினமும் பிழைப்புக்காக நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. ஆனால் எதை வாங்குவது, எங்கே பயன்படுத்துவது என்பதில் நிதானம் வேண்டும்.

முதலில் கை ஏன் வலிக்கிறது என்று பார்ப்போம். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது நாம் ஒரு ஸ்பிரிங்கை எதிர்த்துத்தான் முறுக்குகிறோம். கையை விட்டால் அந்த ஸ்பிரிங் அதைப் பழைய நிலைக்கே இழுத்துக்கொள்ளும். ஈரத் துணியைப் பிழிந்த கையை அப்படியே வெகுநேரம் வைத்திருந்தால் எப்படி இருக்குமோ, அதுதான் இங்கேயும் நடக்கிறது. அசையாமல் இறுகியே இருக்கும் தசைக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேராது. அதோடு சிங்கிள் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு வேறு. உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகிய வழியில் அல்நார் நரம்பு போகிறது. அதை நசுக்கினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். வண்டியை நிறுத்தி இறங்கிய பிறகும், இரவில் படுத்த பிறகும் அந்த மரமரப்பு இருந்தால் எந்தச் சாதனத்தையும் தேட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தள்ளியே போடக்கூடாது.

இத்தனை தொல்லை தரும் ஸ்பிரிங்கை எதற்கு வைத்தார்கள்? ஒரு காலத்தில் பல வண்டிகளில் கையை விட்டாலும் ஆக்சிலரேட்டர் நிற்கிற இடத்திலேயே நிற்கும். பழைய ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் கைப்பிடி உறையின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். அதை இறுக்கினால் உராய்வு கூடி ஆக்சிலரேட்டர் அசையாது. அமால் நிறுவனம் பிரிட்டிஷ் பைக்குகளுக்குச் செய்துகொடுத்த கைப்பிடிகளிலும் இப்படி ஒரு திருகு உண்டு. நெடுந்தூரம் போகிறவர்கள் அதை அளவாக இறுக்கிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள். ஆனால் ஓட்டுகிறவர் கீழே விழுந்தால் என்ன ஆகும்? எஞ்சின் அலறிக்கொண்டே கிடக்கும், பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். 1970களில் அமெரிக்கா கொண்டுவந்த பாதுகாப்பு விதி, கையை விட்டதும் ஆக்சிலரேட்டர் தானாக மூட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. நம்மைக் காப்பாற்றத்தான் அந்த ஸ்பிரிங் இருக்கிறது. ஆகவே எதை மாட்டினாலும், ஸ்பிரிங்கின் வேலையை ஒரே கணத்தில் திருப்பிக் கொடுக்க நம் கையால் முடிய வேண்டும். வாங்கும்போது நான் வேறெதையும் விட முதலில் பார்ப்பது இதைத்தான்.

இருப்பதிலேயே எளியது உள்ளங்கைத் தாங்கி. கிராம்ப் பஸ்டர் என்ற பெயரில் பிரபலமானது. கைப்பிடியைக் கவ்விக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் வளையம், அதிலிருந்து நீளும் ஒரு தட்டையான நாக்கு, அவ்வளவுதான். இது ஆக்சிலரேட்டரைப் பூட்டுவதில்லை. விரல்களால் இறுக்கிப் பிடிப்பதற்குப் பதிலாக உள்ளங்கையின் எடையை அந்த நாக்கின் மேல் வைத்தால் போதும், ஆக்சிலரேட்டர் நிற்கும். விரல்களைத் தளர விடலாம், மடக்கி நீட்டலாம். கையை எடுத்தால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. திடீரென்று பிரேக் பிடிக்க விரல்கள் முன்னால் போகும்போது உள்ளங்கை தன்னை அறியாமல் அந்த நாக்கை அழுத்திவிடும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே நேரத்தில்! நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், வண்டியைத் திருப்பி நிறுத்தும்போதும் இது நடக்க அதிக வாய்ப்பு. ஊருக்குள் நுழையும்போதே அதைத் திருப்பி ஒதுக்கிவிடும் பழக்கம் வேண்டும். வழக்கமாகப் போகும் வேகத்தில் மணிக்கட்டு வளையாமல் நேராக இருக்கும் கோணத்தில் பொருத்துவதும் முக்கியம்.

அடுத்தது உராய்வுச் சாதனங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் காவோகோ, ஹேண்டில் பார் முனையில் இருக்கும் எடைக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு திருகுமரையை வைக்கிறது. சுண்டுவிரல் பக்கத்தால் அதைச் சுழற்றினால் உராய்வு ஏறும். அட்லஸ் என்பது கைப்பிடிக்கும் சுவிட்சுப் பெட்டிக்கும் நடுவே உட்காரும் மெல்லிய உலோகச் சாதனம். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் பிடிக்கும், இன்னொன்றை அழுத்தினால் விடும். பிடித்திருக்கும்போதும் கையால் முறுக்கிக் கூட்டலாம், குறைக்கலாம். இவை நன்றாகச் செய்யப்பட்டவை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பதால் விலையும் அதிகம்.

அதிகக் காசு செலவில்லாத வழியும் ஒன்று இருக்கிறது. மோட்டார் பம்ப் உதிரிபாகம் விற்கும் கடையில் கிடைக்கும் ரப்பர் ஓ-ரிங். பெரும்பாலான பைக்குகளின் ஹேண்டில் பார் குழாய் 22 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதன்மேல் இருக்கும் கைப்பிடி ரப்பரைக் கவ்வும் அளவில் தடிமனான ஓ-ரிங் ஒன்றை வாங்கி, ரப்பரின் வெளிமுனையில் ஏற்றிவிடுங்கள். நேர்ச்சாலை வந்ததும் கையின் விளிம்பால் அதை வெளிப்பக்கம் உருட்டினால் முனை எடைக்கும் ரப்பருக்கும் இடையே போய்ச் சிக்கிக்கொள்ளும். அந்த உராய்வு ஸ்பிரிங்கின் இழுப்பைச் சமாளித்துவிடும். உள்பக்கம் உருட்டினால் விடுபடும். முனையில் எடை இல்லாத வண்டிகளுக்கு இது உதவாது. வெயிலில் ரப்பர் வெடித்துப்போகும், அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

இந்தச் சாதனங்கள் எல்லாமே ஆக்சிலரேட்டரின் நிலையைப் பிடித்து வைக்குமே தவிர வேகத்தைப் பிடித்து வைக்காது. மேட்டில் வேகம் குறையும், இறக்கத்தில் கூடும். வேகத்தையே கவனித்துச் சரிசெய்வது மின்னணு குரூஸ் கன்ட்ரோல். அதற்கு அடிப்படையான சாதனத்தைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதில் பார்வையை இழந்த அமெரிக்கப் பொறியாளர் என்பதைப் படித்தபோது நான் அசந்துபோனேன். காரில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது ஓட்டுகிறவர் பேச்சு வாக்கில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் போனது அவர் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. 1950இல் காப்புரிமை பெற்றார், 1958இல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. ஓசூர் டிவிஎஸ் நிறுவனம் 2023இல் அப்பாச்சி ஆர்டிஆர் 310 வண்டியில் இந்த வசதியைக் கொடுத்தது. 2025இல் ஹீரோவின் கிளாமர் எக்ஸ் என்ற 125 சிசி வண்டிக்கே வந்துவிட்டது. இதில் பிரேக்கைத் தொட்டதும் எல்லாம் விடுபட்டுவிடும். நாம் மாட்டும் உராய்வுச் சாதனத்துக்குப் பிரேக் பிடித்தது தெரியவே தெரியாது. அதை நம் கைதான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் இடம் பார்க்க வேண்டும் என்கிறேன். நம் நான்குவழிச் சாலைகளில் நடுத்தடுப்பின் இடைவெளி வழியாக டிராக்டர் குறுக்கே வரும், ஆட்டு மந்தை கடக்கும், எதிர்த்திசையில் மொபெட் வரும். மழையில் வேண்டாம், மலைப்பாதையில் வேண்டவே வேண்டாம். வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போகும்போது, முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வது தெரிந்ததுமே விடுவித்துவிடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே பக்கவாட்டில் வரும் காற்று வண்டியையே தள்ளும். இரண்டு கைகளும் முழுசாக வேண்டும். வேறெங்கும் கூட, வலது கையை எடுத்து உதறிவிட்டு உடனே கைப்பிடிக்குத் திரும்புவதற்குத்தான் இந்தச் சாதனம்.

மாட்டிய பிறகு வண்டியை நிறுத்தி வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, சாதனம் பிடித்திராத நிலையில் ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கி விடுங்கள். ‘டக்’கென்று மூட வேண்டும். பிறகு பிடிக்க வைத்துவிட்டுக் கையால் மூடிப் பாருங்கள், முக்காமல் முனகாமல் மூட வேண்டும். எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுக்க ஒடியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, அதைச் சரிசெய்யாமல் சாலையில் இறங்க வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியதை எனக்குக் காட்டியவர் கோவில்பட்டியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். நான் கை வலியைச் சொன்னதும் ஆக்சிலரேட்டரை ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு, “கேபிள் வறண்டுபோய்க் கெடக்குண்ணே. இதை இழுக்கவே உங்க பாதி பலம் போகுது” என்றார். கேபிளின் மேல்முனையைக் கழற்றினார். ஒரு பாலிதீன் பையின் மூலையைச் சிறிதாக வெட்டி, அதற்குள் கேபிள் முனையை நுழைத்து, சைக்கிள் டியூப் துண்டால் இறுகக் கட்டினார். பைக்குள் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டுத் தொங்கவிட்டார். கம்பியை மேலும் கீழும் ஆட்ட ஆட்ட எண்ணெய் இறங்கியது. முதலில் கறுப்பாகச் சொட்டியது, போகப் போகத் தெளிந்தது. திரும்ப மாட்டிய பிறகு ஆக்சிலரேட்டர் இரண்டு விரலுக்கே அசைந்தது. நைலான் பூச்சு உள்ள கேபிள்களுக்கு எண்ணெய் வேண்டாம் என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு, உங்கள் வண்டியின் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அறுந்த இழைகள் தெரிந்தால் கேபிளையே மாற்றிவிடுங்கள். அதன் பிறகும் கை வலித்தால் மேலே சொன்ன சாதனங்களுக்குப் போகலாம்.

கேபிளுக்கு எண்ணெய் விடும் முறை படங்களோடு அடுத்த இதழில் வருகிறது. ஓ-ரிங் போட்டுப் பார்க்கிறவர்கள், எந்த வண்டிக்கு எந்த அளவு சரியாக உட்கார்ந்தது என்று எழுதி அனுப்புங்கள். வண்டி வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்