நிறத்துக்கு ஏன் தடை?



அலுவலக உடை குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பளிச்சென்ற நிறங்கள் பணியிடத்துக்குப் பொருந்தாது என்கிறது. இதை ஏற்க முடியவில்லை. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்குத் தமிழக அரசு வெளியிட்ட உடை விதியும், அடக்கமான நிறத்தையே வலியுறுத்தியது. ஆனால், கண்ணியம் உடுத்தும் விதத்தில் இருக்கிறது, நிறத்தில் அல்ல.

நான் ஒரு நிதி நிறுவனத்தில் வாடிக்கையாளர் பிரிவில் பணிபுரிகிறேன். அரக்குக் கரை போட்ட மஞ்சள் கண்டாங்கிச் சேலை கட்டிச் சென்ற அன்று, "இதென்ன கல்யாண வீடா?" என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். நகைக்கடனுக்கு வந்திருந்த ஆச்சி ஒருவரோ, "நம்ம ஊருச் சேலை" என்று முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உரிமையோடு படிவத்தை நிரப்பித் தரச் சொன்னார். அந்த நிறம் வேலையைக் கெடுக்கவில்லை. வந்தவரின் தயக்கத்தைத்தான் போக்கியது.

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடர்ந்த நிறங்களும் கட்டங்களுமே அதன் அடையாளம். அவற்றை அலுவலகங்கள் ஒதுக்கினால் கைத்தறி நெசவாளர்களுக்கு யார் ஆதரவு?

உடை விதிகள் தூய்மை, பாதுகாப்பு, கண்ணியம் ஆகியவற்றோடு நிற்கட்டும். ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி நாள் முதல், வாரம் ஒரு நாளைக் கைத்தறி நாளாக ஒவ்வொரு அலுவலகமும் அறிவிக்கலாம்.

- வாசகி, காரைக்குடி