அந்த 35 நொடி

விபத்துச் செய்தி வந்தால் போதும், "உடனே திருப்பியிருக்கலாமே, உடனே பிரேக் போட்டிருக்கலாமே" என்று ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வோம். நானும் சொன்னவன்தான். அந்த 'உடனே' என்பது எவ்வளவு நேரம்?

2009 ஜனவரி 15. அமெரிக்காவில், நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்திலிருந்து 155 பேருடன் ஒரு விமானம் கிளம்பியது. சற்று நேரத்தில் வாத்துக் கூட்டம் மோதி, இரண்டு என்ஜின்களும் பழுதாயின. அப்போது உயரம் சுமார் 2,800 அடிதான். கேப்டன் சல்லன்பெர்கர் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். மோதியதிலிருந்து தண்ணீரைத் தொட ஏறத்தாழ மூன்றரை நிமிடம். 155 பேரும் உயிர் பிழைத்தனர்!

ஆனாலும் விசாரணையில் ஒரு கேள்வி: விமான நிலையத்துக்கே திரும்பியிருக்க முடியாதா? 'சிமுலேட்டர்' என்ற பயிற்சிக் கருவியில் விமானிகளை உட்காரவைத்துச் சோதித்தார்கள். மோதிய கணமே திரும்பியபோது, சில தடவை பத்திரமாக ஓடுபாதையில் இறங்க முடிந்தது. ஆனால், என்ன நடக்கப் போகிறது என்பது அந்த விமானிகளுக்கு முன்பே தெரியுமே! பிறகு, நிலைமையைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க 35 நொடி சேர்த்துப் பார்த்தார்கள். அந்த முயற்சி தோற்றது. ஆற்றில் இறக்கியதே சரியான முடிவு என்று 2010ல் வெளியான அறிக்கை சொன்னது.

அந்த நொடிகளில் அவர் திகைத்து உட்கார்ந்திருக்கவில்லை. துணை விமானியிடமிருந்து கட்டுப்பாட்டை வாங்கினார். மின்சாரம் தரும் துணை என்ஜினை இயக்கினார். என்ஜின்களை மறுபடி உயிர்ப்பிக்க முயன்றார். பயிற்சி பெற்ற கைகள்.

வகுப்பில் நான் ஒரு விளையாட்டு நடத்துவேன். அடி ஸ்கேலை மேலே நான் பிடித்துக்கொள்ள, கீழே மாணவன் விரல்களை விரித்துத் தயாராக நிற்பான். விட்டதும் சுமார் 20 செ.மீ. விழுவதற்குள் பிடித்துவிடுவான். அதாவது 0.2 நொடி. பேச்சோடு பேச்சாக, சொல்லாமல் விட்டால்? ஸ்கேல் தரையில் கிடக்கும், வகுப்பே சிரிக்கும். அவனுக்கு மட்டும் முகம் வாடிவிடும், பாவம்.

சாலையிலும் இதே கதைதான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். பந்தைத் துரத்திக்கொண்டு யாராவது திடீரென்று குறுக்கே வந்தால், ஓட்டுநர் பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி ஆகலாம். அதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். பேருந்தின் வேகம் குறையத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.