எயார் பில்டர்: கடதாசியா, துணியா?



போருக்குப் பின் வாகனம் ஓட்டிக் குடும்பம் பார்க்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பல்லேகல கைத்தொழிற்பேட்டைக்கு வேலையாட்களை ஏற்றி இறக்கும் ஒரு வானை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் பூசிய துணி பில்டரைப் போட்டால் கழுவிக் கழுவிப் பாவிக்கலாம், எரிபொருளும் மிச்சம் என்பார்கள். அது உண்மையா?

துணி பில்டரின் விலை பல மடங்கு. கழுவியபின் முழுதாகக் காயும்வரை வான் ஓடாது. அன்றைய உழைப்பும் போய்விடும். எண்ணெய் கூடினால் காற்றை அளக்கும் சென்சரில் படியலாம். குறைந்தால் தூசி எஞ்சினுக்குள் போகும். கடதாசி பில்டர் விலை குறைவு, நுண்ணிய தூசியையும் நன்கு தடுக்கும். ஆனால் அதைக் கழுவக்கூடாது.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் புதிய பெற்றோல் கார்களைச் சோதித்து 2009இல் அறிக்கை வெளியிட்டது. பில்டர் அடைபட்டபோதும் எரிபொருள் செலவு பெரிதாகக் கூடவில்லை. வேகமெடுக்கும் வலுவே குறைந்தது. ஆகவே, பெற்றோல் மிச்சம் என்ற பேச்சை நம்பிக் கடன்பட வேண்டாம்.

கையேட்டில் சொன்ன காலத்தில் கடதாசி பில்டரை மாற்றுங்கள். தூசி வீதியென்றால் முந்தியே மாற்றுங்கள். ஓட்டோவுக்குக் கம்பனியே எண்ணெய் தோய்த்த ஸ்பொஞ்ச் தந்திருந்தால் அதையே பாவியுங்கள். கராஜில் மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்தமுறை நீங்களே மாற்றலாம்.