பேச ஆள் இருக்கு, பேச இடம் இல்ல

கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க.

2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயக் கதவைச் சாத்தினோம். 2021 தைப்பூசத்துக்குப் பத்துமலையில காவடியும் இல்ல. அப்ப நாங்க அரிசி, பருப்பு பொட்டலம் கட்டி வீடு வீடா கொண்டு போனோம். வாசல்ல பையை வாங்கினவங்க பலர், "ராத்திரி தூக்கமே வரல தம்பி", "நெஞ்சு அடைக்குற மாதிரி இருக்கு"ன்னுதான் பேச ஆரம்பிச்சாங்க.

மனநல ஆலோசனை அப்பதான் கைப்பேசிக்கும் காணொளிக்கும் மாறுச்சு. அது நல்லதுன்னுதான் நாங்க இன்னமும் சொல்றோம். கிளினிக் வாசல்ல யாராவது பார்த்துடுவாங்களோன்னு பயம் இல்ல. தோட்டத்துல இருக்குற அம்மா, கோலாலம்பூர்ல இருக்குற தமிழ் தெரிஞ்ச ஆலோசகர்கிட்ட பேசலாம். "மனசு பாரமா இருக்கு"ங்கிறதை அவங்க மலாய்ல எப்படிச் சொல்லுவாங்க?

ஆனா ஆலோசகர் முதல்ல கேக்குறது, "இப்ப எங்க இருக்கீங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" பிபிஆர் ஃபிளாட்டுல ஏழு பேரு. ஒரு அறையில பிள்ளைங்களோட ஆன்லைன் வகுப்பு, ஹால்ல டிவி. அப்பாவைப் பத்திப் பேச வேண்டிய பொண்ணு, அப்பா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா என்ன பேசும்? குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டுப் பேசினவங்க இருக்காங்க. காருக்குள்ள உட்கார்ந்து பேசினவங்க இருக்காங்க. மத்தவங்க "நல்லா இருக்கேன்"னு சொல்லி வச்சிடுவாங்க. தற்கொலை முயற்சி 2023 வரைக்கும் இங்க சட்டப்படி குற்றம் வேற. அந்தப் பயத்துல எத்தனை பேரு வாயே திறக்கலையோ.

மண்டபத்துக்குப் பின்னால ஒரு சின்ன அறை இருக்கு. கல்யாணம் இல்லாத நாள்ல அங்க நாற்காலிதான் அடுக்கிக் கிடக்கு. அதுல ஒரு மேசை, மின்விசிறி, வைஃபை, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக் குடுக்கணும்ங்கிறது எங்க கருத்து. 'ஆலோசனை அறை'ன்னு பலகை மட்டும் மாட்டக் கூடாது, மாட்டினா யாரும் உள்ள போக மாட்டாங்க. பரீட்சைக்குப் படிக்கவும் வேலை நேர்காணலுக்கும் அதே அறைதான். எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்கக் கூடாது, பேரும் எழுத வேணாம். அடுத்த தடவை அடைப்பு வந்தா, உணவு குடுக்க அனுமதி கேக்குற மாதிரி இந்த அறைக்கும் கேப்போம்.

"சாமி இருக்கும்போது டாக்டர் எதுக்கு?"ன்னு பெரியவங்க சிலர் கேட்டாங்க. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுட்டுத்தானே ஐயா அர்ச்சனைக்கு வர்றோம்?

தொண்டர்கள் நாங்க யாருக்கும் ஆலோசனை சொல்லப் போறதில்ல. அதுக்குப் படிச்சவங்க, 1998 ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவங்க இருக்காங்க. கதவு திறந்து விடுறது மட்டும்தான் எங்க வேலை.

அடுத்த செயற்குழுக் கூட்டத்துல இதை வைக்கிறோம். சம்மதம்னா செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, புலனத்துல அனுப்பினாலும் சரி. அதுவரைக்கும் மனசு தாங்கலன்னா ஹீல் லைன் 15555, இல்லன்னா பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. பிஃப்ரெண்டர்ஸ்ல நடுராத்திரியிலயும் எடுப்பாங்க.