கீறலா, வளைவா, விரிசலா? அலாய் வீலை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

கார் வாங்கும்போது 'அலாய் வீல் இருக்கிற வேரியன்ட்தான் வேணும்' என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்குகிறோம். ஆறே மாதத்தில் பிளாட்பாரத்தில் உரசி ஒரு கோடு, மழைத் தண்ணீருக்குள் ஒளிந்திருந்த பள்ளத்தில் இறங்கி ஒரு நெளிசல். ஷோரூமில் புது வீல் விலையைக் கேட்டதும் பலரும் அடுத்து தேடுவது, 'புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்' என்கிற கடைகளைத்தான்.

ஆக்கித் தரவும் செய்வார்கள். ஆனால் கீறல், வளைவு, விரிசல் மூன்றும் ஒன்றல்ல. முதலாவது அழகு சம்பந்தப்பட்டது. மூன்றாவது, காருக்குள் உட்கார்ந்திருக்கும் உயிர்கள் சம்பந்தப்பட்டது.

பலம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலான கார்களின் அலாய் வீல், அலுமினியத்தோடு சுமார் 7% சிலிக்கானும் மிகக் கொஞ்சம் மெக்னீசியமும் சேர்த்து வார்க்கப்படுகிறது. வார்த்ததும் வேலை முடிந்துவிடாது. 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் குளிரவைத்து, மறுபடியும் சுமார் 150 டிகிரியில் சில மணி நேரம் வைப்பார்கள். வீலுக்கு உறுதி கிடைப்பது இந்தப் பக்குவத்தில்தான். பட்டறையில் கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கினால், அந்த இடத்தில் இந்தப் பக்குவம் கெட்டுப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கீறல்: வீட்டிலேயே செய்யலாமா?

சாதாரண சில்வர் பெயின்ட் அடித்த வீல் என்றால், சின்னக் கீறலை நீங்களே சரிசெய்யலாம். ஷாம்பு போட்டுக் கழுவி, பிரேக் தூசி போகத் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். கீறலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, முதலில் சொரசொரப்பான எமரி பேப்பர், பிறகு நைஸ் எமரி பேப்பர் என்று தேயுங்கள். பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து, அது காய்ந்ததும் மறுபடி தேய்த்துச் சமமாக்குங்கள். பிறகு ப்ரைமர், கலர், கிளியர் கோட் என்ற வரிசை. ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழியும். மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். வீலைக் கழற்றி வைத்துச் செய்வது நல்லது. கழற்றாவிட்டால் பிரேக் டிஸ்க்கை மூடிவிடுங்கள். மாஸ்க் கட்டாயம்.

முகப்பு பளபளவென்று, மெல்லிய வளையக் கோடுகளோடு இருந்தால் அது 'டயமண்ட் கட்' வீல். அதில் எமரி பேப்பர் வைக்கவே வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் லேத்தில் முகப்பை மெல்லிசாகச் சீவி, மேலே கிளியர் லேக்கர் அடித்த வீல் அது. ஒரு கல் பட்டு லேக்கர் பெயர்ந்தால் போதும். உள்ளே தண்ணீர் போய், வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாகப் பரவும். கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். ஆசிட் கலந்த கிளீனரும் இதே வேலையைச் செய்யும்.

இதற்குத் தீர்வு மறுபடி லேத்தில் சீவுவதுதான். ஒவ்வொரு தடவை சீவும்போதும் உலோகம் குறைகிறது. அதனால் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. செகண்ட் ஹேண்ட் கார் என்றால், ஏற்கெனவே சீவியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால், டயமண்ட் கட்டை விட்டுவிட்டு முழு பெயின்ட்டுக்கு மாறிவிடலாம்.

வளைவு: எப்படித் தெரியும்?

80 கி.மீ வேகத்தைத் தொடும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறதா? ஒரு டயரில் மட்டும் அடிக்கடி காற்று இறங்குகிறதா? பங்க்சர் கடையில் 'ஓட்டையே இல்லை' என்கிறார்களா? ரிம்மின் உள்பக்க விளிம்பைப் பாருங்கள். பள்ளத்தில் அடிபடும்போது பெரும்பாலும் அங்கேதான் நெளியும். வெளியே நின்று பார்த்தால் கண்ணில் படாது.

லேசான வளைவை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி, டயல் கேஜ் வைத்து அளந்து பெண்ட் எடுக்கலாம். சுத்தியலால் தட்டுவதற்கும் டார்ச்சில் சுட்டு நிமிர்த்துவதற்கும் சம்மதிக்காதீர்கள். கூடவே டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் முட்டை மாதிரி புடைத்திருந்தால் உள்ளே நூல்கள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும்.

விரிசல்: இங்கே பேரம் வேண்டாம்

'ஆர்கான் வெல்டிங் வைத்துப் பூசிவிடலாம் சார், தெரியவே தெரியாது' என்பார்கள். தெரியாமல் போவதுதான் பிரச்னை. வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் பக்குவத்தை இழக்கிறது. மேலே பெயின்ட் அடித்தபின், அது மறுபடி விரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஸ்போக், போல்ட் துளை, நடுப்பகுதி ஆகிய இடங்களில் விரிசல் இருந்தால் அந்த வீல் பழைய இரும்புக் கடைக்குத்தான். விளிம்பில் என்றாலும், குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும் காருக்கு அந்த வீலை மாற்றுவதே சரி.

சந்தேகமாக இருந்தால், டயரில் காற்று நிரப்பி ரிம்மின் உள்பக்கம் சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். குமிழி வந்தால் காற்று கசிகிறது. குமிழி வராததால் விரிசலே இல்லை என்று ஆகிவிடாது. டயரைக் கழற்றி முழுசாகப் பார்ப்பதே நல்லது.

ஒற்றை வீல் வேண்டுமா?

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய ஒரிஜினல் வீல் தனியாகக் கிடைக்கும். டிசைன் பொருந்தினால் மட்டும் போதாது. வீலின் பின்பக்கம் 6J x 16, ET 45 என்பது போல எண்கள் இருக்கும். அகலம், விட்டம், ஆஃப்செட், போல்ட் துளைகளின் அளவு, நடுத்துளை என எல்லாமே உங்கள் வீலோடு ஒத்துப்போக வேண்டும். பணம் கொடுக்கும் முன் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு, ஆடாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

* பழைய பெயின்ட்டை எப்படி எடுப்பீர்கள்? விரிசல் இருக்கிறதா என்று பெயின்ட் எடுத்த பிறகு பார்த்துச் சொல்வீர்களா?

* பவுடர் கோட்டிங் என்றால் அடுப்பில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்? பொதுவாக 180 முதல் 200 டிகிரி வரை வைப்பார்கள். அளவு பார்க்காமல் சுட்டாலும், திரும்பத் திரும்பச் சுட்டாலும் வீலின் உறுதி குறையும்.

* டயர் பிரஷர் சென்சார் இருந்தால், அடுப்பில் வைக்கும் முன் கழற்றிவிடுவீர்களா?

* நட் உட்காரும் இடத்திலும், ஹப்போடு ஒட்டும் பின்பகுதியிலும் பெயின்ட் படாமல் மறைப்பீர்களா? அங்கே கனமாகப் பெயின்ட் இருந்தால், ஓட ஓட அது நசுங்கித் தேய்ந்து நட் லூஸாகும். பலரும் கேட்க மறப்பது இதைத்தான்.

இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

வழக்கமான மோட்டார் பாலிசியில், டயர் மட்டும் சேதமானால் க்ளெய்ம் கிடையாது. அதே விபத்தில் காரும் சேதமாகியிருந்தால் டயருக்கு 50% வரை கிடைக்கும். டயர், ரிம் இரண்டுக்கும் தனி ஆட்-ஆன் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. ரின்யூ செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீல் திரும்பி வந்ததும் பேலன்சிங் கட்டாயம். நட்டுகளை உங்கள் கார் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்கச் சொல்லுங்கள். 100 கி.மீ ஓடுவதற்குள் இன்னொரு முறை செக் செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அதை முடித்த பிறகு ஊருக்குக் கிளம்பலாம்.

அடுத்த வாரம்: டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களைப் படிப்பது எப்படி?