காய்ச்சலும் பாய்ச்சலும் புல்தரைக்கும்தான்

போன வாரம் ஒரு விசேஷத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். சென்னையில வேலை பார்த்துட்டு ஊர்ல புது வீடு கட்டியிருக்கிற சொந்தக்காரத் தம்பி, வாசல்ல ஒரு சென்ட் அளவுக்குப் புல்தரை போட்டிருக்கார். "அண்ணாச்சி, தினமும் சாயங்காலம் ஓஸ் பிடிச்சுத் தண்ணி விடுறேன். அப்பவும் அங்கங்க பழுக்குது. இன்னும் கூடுதலா விடணுமோ?"ன்னு கேட்டார்.

மம்பட்டி வாங்கி ஓரத்துல ஒரு கொத்து கொத்திப் பார்த்தேன். மேல ஒரு விரக்கடைதான் ஈரம், அடியில புழுதி. வேரெல்லாம் மேலேயே படர்ந்து கிடக்கு. தண்ணி தினமும் வாய்க்கே வந்தா வேர் எதுக்குக் கீழ இறங்கும்? ஒரு நாள் கரண்ட் போய் மோட்டார் ஓடலைன்னா அந்தப் புல் வாடிடும்.

நெல்லுக்கே நாங்க இப்போ எப்பவும் தண்ணி கட்டி வைக்கிறதில்லை. திருந்திய நெல் சாகுபடியில, பயிர் பொதி கட்டுற வரைக்கும், வயல்ல மயிரிழை வெடிப்பு விட்ட பிறகுதான் 2.5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி கட்டணும்னு சொல்றாங்க. காய்ச்சலும் பாய்ச்சலும்னா இதுதான். நெல்லுக்கே இப்படின்னா, அருகம்புல் வகைக்குத் தினமும் எதுக்கு?

வளர்ந்த புல்லுக்கும் வெயில் காலத்துல வாரத்துக்கு அதே 2.5 சென்டிமீட்டர் பொதுவாப் போதும். ஒரே தடவையா, இல்லைன்னா ரெண்டா பிரிச்சு விடுங்க. மணல் பாங்கான மண்ணுன்னா பிரிச்சு விடுறதுதான் நல்லது. புதுசாப் பதிச்ச புல்லுக்கு மட்டும் வேர் பிடிக்கிற வரைக்கும் அடிக்கடி வேணும்.

அளக்குறது சுலபம். நேரான ஓரம் உள்ள நாலஞ்சு டப்பாவைப் புல்லு மேல வச்சு, தெளிப்பானைத் திறந்து, 2.5 சென்டிமீட்டர் சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. (தம்பியோட அம்மா எவர்சில்வர் டவராவைத் தர மாட்டேன்னுட்டாங்க. பழைய பெயின்ட் டப்பாதான் கிடைச்சது.) தண்ணி தெருவுக்கு ஓடுச்சுன்னா நிறுத்தி, அரை மணி நேரம் ஊற விட்டுத் திரும்ப விடுங்க. முடிச்சதும் கம்பியைக் குத்துனா ஆறு அங்குலம் சிரமமில்லாம இறங்கணும். அடுத்த தண்ணி எப்போங்கிறதைப் புல்லே சொல்லும்: நடந்தா கால்தடம் எழும்பாமக் கிடக்கும், பச்சை மங்கிச் சாம்பல் பூக்கும்.

நேரம் விடிகாலைதான். சாயங்காலம் விட்டா இலை ராத்திரி பூரா நனைஞ்சே கிடந்து பூஞ்சை பிடிக்கும். உச்சி வெயில்ல விட்டா தண்ணி கூடுதலா ஆவியாப் போயிடும்.

இதெல்லாம் சரி, எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. ஒரு சென்ட்டுக்கு 2.5 சென்டிமீட்டர் தண்ணின்னா சுமார் 1,000 லிட்டர். அளவா விட்டாலே வாரத்துக்கு ஒரு பெரிய சின்டெக்ஸ் தொட்டி! ராஜபாளையத்துல குடிதண்ணிக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை அண்ணாந்து பார்த்துட்டு இருக்கோம். மலையில மழை இல்லைன்னா அதுவும் வத்தும். உங்க வீட்டுப் போரும் எங்க தோட்டத்துக் கிணறும் உறிஞ்சுறது ஒரே நிலத்தடித் தண்ணியைத்தான்.

அதனால தம்பிகிட்ட, பாதிப் புல்லை எடுத்துட்டு ரெண்டு மாங்கன்னு வைங்கன்னு சொன்னேன். மிச்சப் புல் அருகம்புல்லா இருந்தா, சித்திரை வைகாசியில பழுப்பானாலும் பதறாதீங்க, வேர் உயிரோடதான் இருக்கும், ஐப்பசி மழைக்குத் தானாப் பச்சை கட்டும்னேன். மாங்கன்னுக்குச் சரின்னுட்டார். பழுப்புப் புல்லுக்குத்தான் வீட்டுல இன்னும் ஒத்துக்கலையாம்.